கேளுங்கள், சொல்கிறேன்: மே 17-க்கு நானும் நடக்கணுமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நார்வேயிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே தேதியைச் சுற்றித்தான் இருக்கும்: மே 17. அந்த நாட்டின் தேசிய நாள். புதிதாகக் குடிபோனவர்கள் பதறிப்போய் எழுதுவார்கள். நானும் பதினெட்டு வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறவள் என்பதால் இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். மாமியார், வரன், விசா கேள்விகள் அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, மதுரைப் பக்கம் எங்கள் ஊர். கணவருக்கு ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனி வேலை, போன ஆகஸ்டில் வந்தோம். மகள் இரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மே 17 காலை பத்து மணிக்கு ஊர்வலம். என் பெயருக்கு நேராக ‘ஒரு கேக்’ என்றும் ‘12 முதல் 1 வரை கடை’ என்றும் போட்டிருக்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எதிர்வீட்டுக்காரர்கள் வேறு காலை எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது, அவர்கள் தேசிய கீதம் பாடும்போது நான் வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா, ஒன்றும் புரியவில்லை. மொழியும் வராது. பேசாமல் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? (ஸ்தவாங்கர் வாசகி)

பதில்: காய்ச்சல் வேண்டாம்மா. ஒரு பொய் சொன்னால் அடுத்த வருடம் வேறு பொய் தேட வேண்டும்.

என் முதல் மே 17 கதையைச் சொல்கிறேன். சுதந்திர தினம் என்றால் எனக்குத் தெரிந்தது நம் ஊர்ப் பள்ளிக்கூடம்தான்: காலையில் கொடியேற்றம், தலைமை ஆசிரியர் பேச்சு, கையில் ஆரஞ்சு மிட்டாய், பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து டிவியில் சிறப்புத் திரைப்படம். இங்கேயும் பட்டாளம் அணிவகுக்கும், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் அடி, வீட்டில் பால் இல்லை, ரொட்டி இல்லை, எந்த சூப்பர் மார்க்கெட்டும் திறக்கவில்லை. இரண்டாவது அடி, தெருவை மறித்திருந்ததால் பஸ் வேறு பாதையில் போய்விட்டது, நான் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் மேளச் சத்தம் வந்த பக்கம் நடந்து ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் கையில் இடுக்கியைக் கொடுத்து, நான் யார் எவர் என்று கேட்காமல், இந்த வரிசையைப் பார்த்துக்கொள் என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையே இல்லாத நான் ஒரு மணி நேரம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு சாசேஜ் எடுத்துக் கொடுத்தேன். அதுவரை எட்டு மாதமாக என்னோடு ‘ஹாய்’க்கு மேல் பேசாத பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைக்குத்தான் நான் எந்த ஊர் என்று கேட்டார்.

ஆகவே உங்கள் பெயரைக் கேட்காமல் போட்டார்கள் என்று வருத்தப்படாதீர்கள். அதற்கு டுக்னாட் என்று பெயர், கூலி இல்லாமல் எல்லோரும் சேர்ந்து இழுக்கிற வேலை. நம்மூர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படி உண்டல்லவா, இன்ன நாள் இன்ன குடும்பத்தின் பொறுப்பு என்று? அதேதான். வந்து ஒரு வருடம் ஆகாத உங்களுக்கு மண்டகப்படி எழுதிவிட்டார்கள் என்றால் ஊரில் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். உண்மையில் மே 17 நம் ஆகஸ்ட் 15 மாதிரி இல்லை, சித்திரைத் திருவிழா மாதிரி. தெருவெல்லாம் ஜனம், பலூன், பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம், பெட்டியில் இருந்த வெள்ளி நகை எல்லாம் உடம்பில். ஒரே வித்தியாசம், ஒஸ்லோவில் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்ற இடத்தில் நிற்க, ஊர்தான் அவர்களைத் தாண்டிப் போகும். சாமி நிலையில் இருக்க, தேர் இழுக்கிறவர்கள் மட்டும் ஊர்வலம் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேக்குக்கு வருவோம். கேக் என்றால் மூன்றடுக்கு கிரீம் கேக் இல்லை. தட்டில் துண்டு போட்டு விற்கத் தோதாக எதுவானாலும் சரி. சின்னச் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், குறிப்பாகப் பருப்பு வகை, பால், கோதுமை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு இருப்பார்கள். கடையில் நிற்பதற்கு மொழி பெரிதாக வேண்டாம், விலையை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், காசு பெரும்பாலும் விப்ஸில் வரும் (நம்மூர் ஜிபே மாதிரி போனில் அனுப்புவது). எண்ணும் ‘தூசன் தாக்’கும் (மிக்க நன்றி) தெரிந்தால் போதும்.

காலைச் சாப்பாட்டுக்கு எதிர்வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அந்த மேசையில் ரொட்டி, புகையூட்டிய சால்மன், முட்டைப் பொரியல், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் இருக்கும். கிரான்செகாகெ என்று பாதாம் மாவு வளையங்களைக் கோபுரமாக அடுக்கி, சின்னக் கொடி குத்திய ஒரு பலகாரமும் இருக்கலாம். அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, நீங்கள் சுத்த சைவம் என்றால் கவனம். எட்டு மணிக்கே ஷாம்பெயின் ஊற்றுவார்கள், ஜூஸ் போதும் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். என்னை முதலில் கூப்பிட்ட வீட்டுக்கு உளுந்த வடை கொண்டுபோனேன், ஓட்டை போட்ட உப்பு டோநட் என்று நினைத்து ஜாம் தடவிச் சாப்பிட்டார்கள். தடுக்கவில்லை. மேசை காலியானது, எனக்கு அது போதும்.

உடை விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். வருடம் முழுக்க மழைக்கோட்டில் திரிகிற மனிதர்கள் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது போல வருவார்கள். ஜீன்ஸ் போட்டால்தான் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். அவர்களின் வட்டார உடை பூனாட், கம்பளித் துணி, கைத்தையல், வெள்ளிப் பதக்கம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தினுசு, மொத்தம் நானூறுக்கும் மேலே. விலை பல பத்தாயிரம் க்ரோனர், அதனால் பதினைந்து வயதில் கன்ஃபர்மேஷன் என்ற சடங்குக்குத் தைத்ததை ஆயுசுக்கும் பிரித்துத் தைத்துப் போடுவார்கள். அதோடு கறுப்புக் கண்ணாடி மாட்டினால், பொருந்தாத செருப்புப் போட்டால் குறை சொல்ல ஆள் உண்டு. பூனாட் போலீஸ் என்று அவர்களே கிண்டல் செய்வார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் புடவைக் கொசுவம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற பெரியம்மாக்கள்தான், வேறு யாருமில்லை. வாங்க நினைக்காதீர்கள். பட்டுப் புடவை கட்டுங்கள், வந்தேறிகள் தங்கள் ஊர் உடையில் நடப்பது அங்கே புதிதில்லை. ஆனால் உள்ளே மெரினோ கம்பளி உள்ளாடை, காலுக்கு மூடிய ஷூ. மே மாதம் என்று நம்பி நான் புடவை ரவிக்கையும் செருப்புமாகப் போய் நடுங்கியதைப் பார்த்து ஒரு பாட்டி தன் சால்வையைப் போர்த்திவிட்டார், அதைத் திருப்பிக் கொடுக்கப் போய்த்தான் அவர் எனக்கு நார்வேஜிய மொழி சொல்லிக்கொடுத்தது எல்லாம் நடந்தது, அது வேறு கதை. இடது மார்பில் சிவப்பு வெள்ளை நீல ரிப்பன் ஒன்று குத்திக்கொள்ளுங்கள், 16-ம் தேதிக்குள் எந்தக் கடையிலும் கிடைக்கும். பால், ரொட்டியையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றால் போதும். எட்டுச் சரணம் உள்ள பாட்டு, வழக்கமாக 1, 7, 8 மட்டும் பாடுவார்கள். வாயசைத்தாலும் குற்றமில்லை. உங்கள் மகளுக்கு மூன்று சரணமும் மனப்பாடமாகி இருக்கும், அவளைக் கேட்டுப் பாருங்கள். எதிரே யார் வந்தாலும் “கிராத்துலேரர் மெ டாகென்” என்று சொல்லுங்கள். பிறந்தநாளுக்குச் சொல்கிற அதே வாழ்த்து.

கேள்வி: நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தது 1905-ல் என்று படித்தேன். பிறகு ஏன் 1814-ஐக் கொண்டாடுகிறார்கள்? தேசிய நாள் என்றால் ராணுவ அணிவகுப்பு இருக்க வேண்டாமா, குழந்தைகளை மட்டும் நடக்கவிடுவது விளையாட்டுத்தனமாக இல்லையா? (பேர்கன், ஒரு பொறியாளர்)

பதில்: உங்கள் குறிப்பில் ஒரு ‘ஆனால்’ விடுபட்டிருக்கிறது. மே 17 சுதந்திரம் கிடைத்த நாள் இல்லை, அரசியல் சட்டம் எழுதிய நாள். நம் கணக்கில் ஜனவரி 26-க்குப் பக்கம்.

நானூறு வருடத்துக்கும் மேலாக டென்மார்க் மன்னரின் கீழ் இருந்த நாடு அது. நெப்போலியன் போரில் டென்மார்க் தோற்ற பக்கம் இருந்ததால், 1814 ஜனவரியில் கீல் ஒப்பந்தத்தில் நார்வேயைத் தூக்கி ஸ்வீடனுக்குக் கொடுத்தார்கள், சீர்வரிசையில் அண்டா கொடுப்பது போல. அங்கே இருக்கிறவர்களை யார் கேட்டார்கள்? அந்தக் கோபத்தில் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பேர் ஒரு வீட்டில் கூடி, சில வாரங்களில் ஓர் அரசியல் சட்டத்தை எழுதி, மே 17-ல் கையெழுத்திட்டார்கள். அதே வருடம் ஸ்வீடன் படையோடு வந்து சேர்த்துக்கொண்டது உண்மை. ஆனாலும் அந்தச் சட்டத்தைச் சில திருத்தங்களோடு விட்டுவைக்க வேண்டியதாயிற்று. நாடு கைவிட்டுப் போனாலும் காகிதம் கையில் நின்றது, அதனால்தான் அந்தத் தேதி.

கொண்டாட்டம் சும்மாவும் வரவில்லை. ஸ்வீடன் மன்னர் கார்ல் யோஹானுக்கு இந்த நாளைக் கண்டாலே ஆகாது. 1829 மே 17 அன்று ஒஸ்லோவில், அப்போது கிறிஸ்டியானியா, சதுக்கத்தில் கூடிய ஜனங்களைப் படையை விட்டு விரட்டினார்கள். இன்று பிள்ளைகள் கொடியோடு அரண்மனைக்கு நடக்கிற பிரதான வீதியின் பெயர் என்ன தெரியுமா? கார்ல் யோஹான் வீதி. இதை யார் திட்டமிட்டாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

ராணுவம் பற்றி: பிள்ளைகள் ஊர்வலம் 1870-ல் கவிஞர் பியோர்ன்சனின் முயற்சியில் தொடங்கியது, தேசிய கீதத்தை எழுதியவரும் அவரே. முதலில் ஆண் பிள்ளைகள் மட்டும், பெண் பிள்ளைகள் சேர 1889 ஆயிற்று. 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது இந்தக் கொண்டாட்டத்துக்குத் தடை. பீரங்கி வண்டி நடத்துகிற ஊர்களை எனக்கும் தெரியும், நம் ஊரும் அதில் ஒன்று, டில்லிக் குளிரில் அதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் ஷூ லேஸ் அவிழ்ந்த ஒரு ஆறு வயதுப் பையன் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நடப்பதை விளையாட்டுத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பேர்கனில்தானே இருக்கிறீர்கள், மரத்துப்பாக்கியும் வில்லும் ஏந்தி மேளம் தட்டி வருகிற பூவெகோர்ப்ஸ் பையன்களைப் பாருங்கள். ராணுவ ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தெருவில் சிவப்புக் கால்சட்டை போட்ட பெரிய பிள்ளைகள் அழுக்காகத் திரிகிறார்கள், என் மகன் அவர்கள் பின்னாலேயே ஓடிக் கார்டு கார்டு என்று பிச்சை எடுக்காத குறை. யார் இவர்கள்? (துரொண்ட்ஹெய்ம் வாசகர்)

பதில்: அவர்கள் ரூஸ். பள்ளியின் கடைசி வருடப் பிள்ளைகள். அந்தக் கால்சட்டையை அந்த சீசன் முடிகிறவரை துவைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம், நீங்கள் பார்த்தது அழுக்கு இல்லை, மரபு. ஆளாளுக்குத் தன் படமும் ஒரு வேடிக்கை வரியும் போட்டு விசிட்டிங் கார்டு அடிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் அதைச் சேர்ப்பார்கள், நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தது போல. எத்தனை சேர்ந்தது என்பதில்தான் மே 18 அன்று வகுப்பில் மரியாதை. சில வரிகள் கொஞ்சம் பச்சையாக இருக்கும், ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுங்கள். பரீட்சை முடிந்துதான் இந்த ஆட்டம் என்று நினைத்தீர்களா? பல வருடமாகப் பெரும்பாலான பரீட்சை இதற்கு அப்புறம்தான் நடந்தது! நம்மூர் பிளஸ் டூ அம்மாக்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்து ஒன்பது மாதம். மே 18 எங்களுக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் நாள் கொடி பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடக்க மனம் வரவில்லை. கணவரின் அண்ணாவுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், “சித்தி, நீங்களும் வாங்கோ” என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். போவதா, விடுவதா? (பெயர் வேண்டாம்)

பதில்: நான் தஞ்சாவூர்க்காரி. இதில் போ, போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை குறைவு. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

2009 எனக்கு அங்கே இரண்டாவது மே 17. முந்தின இரவுதான் மாஸ்கோவில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நார்வே ஜெயித்திருந்தது, அதனால் அந்த வருடம் ஊர் இரட்டைச் சந்தோஷத்தில் கூத்தாடியது. மேல் மாடியில் வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா குடியிருந்தார். கீழே மேளம் போக, அவர் ஜன்னலை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். எடுக்க ஆள் இல்லை. நான் தட்டில் வைத்துக் கொண்டுபோன கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவருகே நின்றேன். அந்தத் தட்டோடு படியிறங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் சில வருடம் அவர் மே 17-க்கு வெளியே வரவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. மகள் பள்ளிக்குப் போனபிறகு வந்தார். இப்போது அவர் வழக்கம் இது: காலையில் பிள்ளையோடு நடப்பார், பள்ளி மைதானத்தில் சாக்கு ஓட்டம் முடிகிறவரை இருப்பார், மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவார். மாலை விருந்து, கேளிக்கை எதற்கும் போக மாட்டார். மறுநாள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார், மகளும் கூட நின்று கிண்டுவாள், இரவு விளக்கேற்றும் கூட்டத்துக்கு இரண்டு பேரும் போவார்கள். ரிப்பனை 17-ம் தேதி மாலையே கழற்றி வைத்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே 17 எல்லோருக்கும் ஒரே மாதிரி இனித்த நாள் இல்லை. அந்த 1814 சட்டத்தின் இரண்டாவது பிரிவே யூதர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்றது, அதை நீக்க 1851 ஆனது. அதற்காகப் போராடிய கவிஞர் வேர்கலான் அதைப் பார்க்காமலே 1845-ல் இறந்துபோனார். இன்றும் ஒஸ்லோவில் மே 17 அன்று யூதர்கள் அவர் கல்லறைக்குப் போய் மலர்வளையம் வைக்கிறார்கள். அதே நாளில், அதே ஊரில், பக்கத்துத் தெருவில் மேளம். பாகிஸ்தானில் பிறந்த ரூபினா ரானா 1999-ல் ஒஸ்லோவின் மே 17 குழுவுக்குத் தலைவியானபோது அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஆனாலும் அவர் ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். உங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். 1956-ல் முதல் தமிழராக அந்தோணி இராஜேந்திரம் வந்து இறங்கியபோது இதையெல்லாம் யார் நினைத்திருப்பார்கள்?

இந்த வருடம் மனம் ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள், பிள்ளைகளிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். போவதானால் ஊர்வலத்தில் மட்டும் நடந்துவிட்டு வந்துவிடலாம், சிரித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் கணவரின் அண்ணி இருபது மே 17 பார்த்தவராக இருப்பார். என்னைவிட அவரிடம் கேட்டால் நல்லது.

கேள்வி: பால்கனியில் கொடி கட்ட ஆசை. ராத்திரியும் அப்படியே விடலாமா? (திரொம்சோ வாசகர்)

பதில்: விடக் கூடாது. காலை எட்டு மணிக்கு ஏற்றி, சூரியன் மறையும்போது இறக்க வேண்டும், எப்படியானாலும் இரவு ஒன்பதைத் தாண்டக் கூடாது. திரொம்சோவில் மே 17 அன்று சூரியன் மறையட்டும் என்று காத்திருந்தால் நள்ளிரவு தாண்டிவிடும், அதனால் நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். தரையில் படாமல் மடியுங்கள். முதல் வருடம் என் கணவர் மறந்துவிட்டார், ஒன்பது ஐந்துக்குக் கதவு மணி அடித்தது. திறந்தால் மேலே சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒன்றும் பேசாமல் விரலை மேலே காட்டிக்கொண்டு நிற்கிறார்.